அடித்தது நான் இல்லை

சில வருடங்களாக நான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கரணைப் பக்கம் குடிபோன புதிதில், ஒரு மழைக்கால இரவில், எங்கள் அடுக்குமாடி பார்க்கிங்குக்குள் நல்ல பாம்பு ஒன்று வந்தது, படமெடுத்து நின்றது, குழந்தைகள் ஓடியாடும் இடமாயிற்றே என்று நான் ஒரு குழாயை எடுத்து அதை அடித்தேன். அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்லியிருக்கிறேன். இதில் மழை உண்மை, குழாய் உண்மை. வந்தது நல்ல பாம்பு இல்லை, சாரை. அது படமெடுக்கவில்லை, சாரைக்குப் படம் கிடையாது. அடித்தது நானும் இல்லை. வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதரை அதட்டி அடிக்க வைத்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில், ஒண்டுக்குடித்தன வீட்டில். எங்களுக்குத் தெரிந்த ஜீவராசிகள் காக்கை, பல்லி, கரப்பான், எலி, தெருவை மறித்துப் படுத்திருக்கும் மாடு. பாம்பை நான் மூன்று இடங்களில் பார்த்திருந்தேன். ஒன்று, கிண்டி பாம்புப் பண்ணை. 1972-இல் தொடங்கியது, பள்ளியிலிருந்து கூட்டிப் போவார்கள், கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடப்பதை எழுப்ப, ஆசிரியர் பார்க்காதபோது நாங்கள் கண்ணாடியைத் தட்டுவோம். இரண்டாவது, சினிமா. 'நீயா?' படம் வந்தது 1979-இல். அதைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் எங்கள் வீட்டில் பார்ப்பார்கள். மூன்றாவது, ஆடி மாதத்தில் அம்மா பாலும் முட்டையும் வைக்கும் அம்மன் கோயில் புற்று. அங்கே பாம்பைப் பார்த்தேன் என்று சொல்வதுகூடத் தவறு, துவாரத்தைத்தான் பார்த்தேன். இந்த மூன்றிலும் பாம்பு என்னை நோக்கி ஒரு அடி நகர்ந்ததில்லை.

வங்கிக் கடன் வாங்கி வீடு பார்க்கத் தொடங்கியபோது, நாங்கள் தாங்கக்கூடிய விலைக்குக் கிடைத்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு அது. குப்பைக்கிடங்கும் சாலையும் கணினி அலுவலகங்களும் எங்களைப் போன்றவர்களும் சேர்ந்து அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறுக்கிவிட்டோம். தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். 2015 டிசம்பரில் அந்த நீர் தன் பழைய இடத்தையெல்லாம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனது. 2022-இல் மிச்சமிருந்த சதுப்பை, பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தச் செய்தியை நான் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பினேன், ஏதோ என் வீட்டுப் பால்கனிக்கே விருது வந்ததுபோல.

பால்கனியிலிருந்து பார்த்தால் நாமக்கோழி தெரியும், நீலத் தாழைக்கோழி தெரியும். தூரத்தில் பூநாரைக் கூட்டம் வந்திறங்கும் நாட்களும் உண்டு. தொலைநோக்கி வாங்கினேன். காலையில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, இயற்கையோடு வாழ்கிறேன் என்ற எண்ணத்தில் அலுவலகம் போனேன். நான் ஏற்றுக்கொண்ட இயற்கை முழுவதும் நான்காவது மாடிக்குக் கீழே, நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தது. பறவை வரலாம், தவளைச் சத்தம்கூட மழை நாளில் கேட்கலாம், தூக்கத்துக்கு நல்லது. தவளை இருக்கும் இடத்துக்கு அதைத் தின்ன ஒன்று வரும் என்ற கணக்கு மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று ஐப்பசி மழை. மின்சாரம் போயிருந்தது. பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு பையன் ஸ்கூட்டரை எடுக்கப் போய்க் கத்தினான். நான் இறங்கி வந்தபோது ஆறேழு பேர் கூடியிருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்போன் வெளிச்சம். சக்கரத்தடியில் கிடந்தது. ஆறடிக்குக் குறையாது. மங்கிய மஞ்சளும் பழுப்பும் கலந்த உடம்பு, வால் பக்கம் கறுப்புக் கோடுகள். எங்கள் வெளிச்சத்துக்குப் பயந்து அது கேட் பக்கம் போகப் பார்த்தது; கேட்டை மறித்துக்கொண்டு நாங்கள்தான் நின்றோம். திரும்பிச் சுவர் மூலைக்குப் போனது. போக இடமில்லாமல் தொண்டையைப் புடைத்துக்கொண்டு உறுமுவதுபோல ஒரு சத்தம் எழுப்பியது. அதைத்தான் பின்னாளில் நான் படமெடுத்ததாக மாற்றினேன்.

எங்கள் குடியிருப்பின் காவலர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். செய்யூர்ப் பக்கத்து ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். இரண்டு நொடி பார்த்திருப்பார்.

"சாரை சார். எலிக்கோ தவளைக்கோ வந்திருக்கு. நீங்கல்லாம் இப்படி வந்துடுங்க, கேட்டைத் தொறந்து விட்டா அதும்பாட்டுக்குப் போயிடும்."

வேறு ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. நாலு பேர் நகர்ந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். நான் அப்போது குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எதுவா இருந்தா என்ன? உள்ள குழந்தைங்க இருக்கு. அடிங்க" என்றேன். அவர் அசையவில்லை. "பாவம் சார், அது ஒண்ணும் பண்ணாது" என்று மறுபடி சொன்னார். "அது வெளிய போகணுமா, நீங்க வெளிய போகணுமா?" என்று கேட்டேன். சொன்ன வார்த்தைகள் இவைதான். படியில் நின்றுகொண்டு சொன்னேன்; தண்ணீருக்குள் நான் இறங்கவேயில்லை.

பிளம்பர் விட்டுப்போன குழாய் ஒன்று கிடந்தது. அதை எடுத்தார். ஒரே அடியில் முடியவில்லை.

முடிந்ததும் யாரோ கைதட்டினார்கள். இரண்டாம் மாடி அம்மாள் ஒருவர் இறங்கி வந்து, பாம்பைக் கொன்றால் பால் ஊற்றிப் புதைக்கவேண்டும் என்றார். பாக்கெட் பாலை வெட்டி ஊற்றினோம். குழி தோண்டியதும் காவலர்தான். நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். என் அதட்டலுக்குப் பிறகு என் பணத்தை மறுக்கும் இடத்தில் நான் அவரை விட்டுவைக்கவில்லை.

பாம்பின் படத்தைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி உடனே பதில் எழுதினாள்: "இது சாரை அங்கிள், விஷமே கிடையாது." படத்தை நீக்கினேன். கதையை நீக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அது நல்ல பாம்பாகிவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்ற சாக்கு எனக்கு இல்லை. சம்பவத்துக்கு முன்னும் ஒருவர் சொன்னார், பின்னும் ஒருத்தி சொன்னாள்.

பயந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம். பயம் பொய்யில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாகிறவர்கள் பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். வயலில் வெறுங்காலோடு நடப்பவர்கள், தரையில் படுப்பவர்கள். அதாவது, அந்தப் பயத்துக்கு உரிமையுள்ளவர் அன்றிரவு தண்ணீரில் நின்ற காவலர்தான். அவர் பயப்படவில்லை, ஏனென்றால் எதற்குப் பயப்படவேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு எல்லாம் ஒரே பாம்பு.

சில மாதம் கழித்து, உறவினர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனேன். அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் இடம் இருக்கிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றுவந்த இருளர் பழங்குடியினருக்கு, அந்த வியாபாரம் தடைப்பட்ட பிறகு, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் துணையோடு 1978-இல் உருவான சங்கம் அது. வனத்துறை அனுமதியோடு அந்த நான்கு வகையையும் பிடித்து வந்து, பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் இவர்கள் எடுக்கும் விஷத்தை நம்பித்தான் தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போய் மலைப்பாம்பு பிடிக்க வைத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒருவர் பானையிலிருந்து கண்ணாடி விரியனைக் கொக்கியால் எடுத்து மேடையில் விட்டு, அதன் பழக்கவழக்கங்களைச் சொன்னார். குழந்தைகளோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். என்ன அறிவு, என்ன நிதானம் என்று வியந்தேன். டிக்கெட் வாங்கிக் கேட்டதால் அது அறிவாகத் தெரிந்தது. அதே அறிவு எங்கள் கேட்டில், மாதச் சம்பளத்துக்கு, ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் அதன் வேலையைப் பறிப்பேன் என்று மிரட்டினேன். என் தவறு பாம்பு தெரியாததில் இல்லை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லும்போது, அவர் சொல்வதைக் கேட்டு நகர்வது என் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்ததில் இருக்கிறது.

பால் ஊற்றச் சொன்ன அம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: சாரை ஆண், நாகம் பெண், ஜோடியைத் தேடி நாகம் வரும். ஆக, அந்த அம்மாளுக்கும் அது சாரை என்று தெரிந்திருந்தது! பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: சாரையில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. இரண்டு பின்னிக்கொண்டு எழும்புவதை நாம் பிணையல் என்று நினைப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. பாம்புக்குப் பழிவாங்கத் தெரியாது. ஆனாலும் நான் பல வாரம் ஷூவை உதறித்தான் போட்டேன். அதன் பிறகு பார்க்கிங்கில் எலி பெருத்துவிட்டது, கார் வயர்களைக் கடித்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமாக இருக்கும். எலி முன்பும் இருந்தது. கூடியதா குறைந்ததா என்று நான் பார்க்கவில்லை.

சாரை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, கொல்வது குற்றம். யாராவது புகார் செய்திருந்தால் அது முதலில் யார் தலையில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். குழாயைப் பிடித்தவர் அவர். நான் போட்ட படத்திலும் அவர் கைதான் இருந்தது.

அடுத்த வருடம் காவலர்களை அனுப்பும் நிறுவனத்தை மாற்றினோம், அவரும் போய்விட்டார். அவர் இருந்தவரை தினமும் கேட்டைத் திறந்து வணக்கம் சொன்னார். மன்னிப்புக் கேட்க எனக்கு அத்தனை காலை நேரங்கள் இருந்தன. கேட்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது சென்னையின் ஓரங்களில் பல பார்க்கிங்குகளுக்குப் பாம்பு வரும். வந்தால் கேட்டை மறிக்காதீர்கள். அதற்குப் போக வழி விட்டுத் தள்ளி நில்லுங்கள். போகாவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வரும்வரை அது எங்கே நகர்கிறது என்று ஒருவர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். உங்கள் வாசலில் நிற்பவர் கையில் மட்டும் கம்பைக் கொடுக்காதீர்கள்.