ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

வங்கி கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், செருப்பு விட இடமில்லை. உள்ளே கம்ப்யூட்டர் மூன்று. இரண்டில் பையன்கள் படிவம் நிரப்புகிறார்கள். மூன்றாவதில் போட்டோ வேலை மட்டும். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அக்கா என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து நிற்கும் தலை நரைத்த ஆளும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

வந்தவர்களிடம் அவள் பெயர் கேட்பதில்லை. "போட்டோவா, சைனா, ரேகையா?" இதுதான் முதல் கேள்வி. வங்கித் தேர்வுக்கு மொத்தம் நாலு வேண்டும். போட்டோ 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள். கையெழுத்து 10-லிருந்து 20. இடது பெருவிரல் ரேகை 20-லிருந்து 50. கையால் எழுதிய உறுதிமொழி 50-லிருந்து 100. ஸ்கேனருக்கு மேலே சுவரில் இந்த எண்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாள். யாரும் அதைப் படிப்பதில்லை. எல்லாரும் அவளிடமே கேட்கிறார்கள்.

திரையில் வால்பேப்பர் தெரியாத அளவுக்கு பைல்கள். ஓரத்தில் ரோட்டில் நசுங்கியதுபோல ஒரு சிவப்புப் பூனை. இர்ஃபான்வியூவின் அடையாளம் அது. கடையில் அந்த மென்பொருளுக்குப் பெயரே பூனைதான். "பூனையில போடு, நான் பாக்கேன்" என்று பையன்களிடம் சொல்கிறாள். போஸ்னியாவின் யாய்ட்சே ஊரில் பிறந்து, வியன்னாவில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த இர்ஃபான் ஷ்கில்யான், 1996-ல் தன் பெயரையே வைத்து வெளியிட்டது. வந்து இத்தனை வருடமாகியும் அது பெருக்கவில்லை. மென்பொருள் முழுவதையும் இறக்கிக்கொள்ள ஆகும் இடம், இன்றைய போன் எடுக்கும் ஒரு போட்டோவின் இடம்தான். மின்விசிறியைவிடச் சத்தம் போடும் இந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் கிளிக் செய்த விரலை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது.

ஒரு பையன் பென் டிரைவை நீட்டுகிறான். வீட்டிலேயே எல்லாம் செய்துவிட்டானாம். சைட்தான் எடுக்க மாட்டேன் என்கிறதாம். அவள் பைலைத் திறக்கிறாள். பூனை உடனே ஒரு சின்னப் பெட்டி காட்டுகிறது: இது பிஎன்ஜி பைல், பின்னொட்டு தப்பாக இருக்கிறது, மாற்றட்டுமா?

"ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து பேர்ல ஜேபிஜின்னு போட்டியா?"

பையன் தலையைச் சொறிகிறான்.

"பேரை மாத்தினா ஆள் மாறிருமா?" என்றபடி வேறு வடிவத்தில் சேமிக்கிறாள். கன்வெர்ட் செய்வது என்றால் இவ்வளவுதான். எஸ் என்ற எழுத்தைத் தட்டினால் சேமிக்கும் பெட்டி வருகிறது, அதில் ஜேபிஜி.

அடுத்தவன் கையில் ஐபோன். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்பியிருக்கிறான். "போட்டோவா அனுப்பாதடே, அது பாதியைத் தின்னுரும். டாக்குமெண்டா அனுப்பு." டாக்குமெண்டாக வந்தால் ஹெச்இஐசி. 2017-க்குப் பிறகு ஆப்பிள் போன்கள் அந்த வடிவத்துக்கு மாறிவிட்டன. இந்த விண்ணப்பத் தளமோ ஜேபிஜியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அவள் போனை வாங்கி, கேமரா செட்டிங்கில் எதையோ மாற்றிவிட்டு, வெள்ளைச் சுவர் பக்கம் கையைக் காட்டுகிறாள். அவன் போய் நிற்கிறான். "கண்ணாடியைக் கழத்து. சிரிக்காத." புதுப் படம் ஜேபிஜியாகவே வருகிறது.

நாலாயிரத்துக்கு மூவாயிரம் புள்ளி. தளம் கேட்பது 200-க்கு 230. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 260 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். பல கடைகளில் இந்த எண்களை நேராக அடித்துவிடுவார்கள். அகலமும் உயரமும் வேறு விகிதத்தில் சுருங்கி, ஹால் டிக்கெட்டில் முகம் நசுங்கிப்போய் வரும். இவள் முதலில் அதே விகிதத்தில் கட்டம் போட்டு நெற்றியிலிருந்து தோள்வரை வெட்டுகிறாள். பிறகு கன்ட்ரோலும் ஆரும். பெட்டியில் எண்கள். கீழே லான்சோஸ் என்ற வடிகட்டி தேர்வாகி நிற்கிறது. ஐன்ஸ்டீனிடம் ஒரு காலம் உதவியாளராக இருந்த ஹங்கேரியக் கணித அறிஞர் கொர்னேலியஸ் லான்சோஸின் பெயர் அது. படம் சுருங்கும்போது மீசை முடி மொத்தமாகக் கரைந்துவிடாமல், பக்கத்துப் புள்ளிகளை எல்லாம் எடைபோட்டுப் புதுப் புள்ளியைக் கணிப்பது அந்த வடிகட்டியின் வேலை. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. எப்போதோ ஒருமுறை வைத்தது, அப்படியே இருக்கிறது.

"முப்பத்தொண்ணு. போ, ஏத்து."

போட்டோ அவளுக்கு வேலையே இல்லை. கையெழுத்துதான் மல்லுக்கு நிற்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்ட கையெழுத்தை 140-க்கு 60 என்று சுருக்கினால் நாலு கேபிக்கு வந்து நிற்கிறது. தளம் குறைந்தது பத்து கேட்கிறது. காலையிலிருந்து குறைத்துக் குறைத்துப் பழகிய கை இப்போது ஏற்ற வேண்டும். தரத்தை நூறுக்குத் தள்ளுகிறாள். ஏழு. நிறச் சுருக்கத்தை நிறுத்தும் கட்டத்தில் டிக் போடுகிறாள். அப்போதும் ஏழுதான். யோசிக்கிறாள். தாளை மறுபடி ஸ்கேனரில் வைத்து, கறுப்பு வெள்ளையை விட்டுக் கலரில் எடுக்கிறாள். ஜேபிஜி படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துப் பார்க்கும். வெறும் வெள்ளைச் சதுரத்துக்கு எழுதிவைக்க ஒன்றுமில்லை. கலர் ஸ்கேனில் தாளின் மங்கல், நார், பின்பக்கத்து எழுத்தின் நிழல் எல்லாம் வந்துவிடுகின்றன. பத்து புள்ளி நாலு. கையெழுத்து தேறியது தாளின் அழுக்கால்.

மூலையில் ஒரு பெண் உறுதிமொழியை மூன்றாவது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முதல் தாள் முழுக்கப் பெரிய எழுத்து. அது செல்லாது என்று அக்கா கிழித்துப்போட்டாள். இரண்டாவதில் அடித்தல். "நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்கும் அப்பாவைப் பார்த்து, "அவ எழுத்துதான் வேணும் அண்ணாச்சி, நாளைக்கு வேலை கிடைச்சா எழுதிக்காட்டச் சொல்லுவான்" என்கிறாள். அப்பா பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார்.

பக்கத்து கம்ப்யூட்டர் பையன் சைஸ் குறைக்க ஏதோ இணையதளத்தைத் திறக்கிறான். அவள் திரும்பாமலே சொல்கிறாள்: "அதுல ஏத்தாத. ஊரான் ஆதாரை எவன் கையிலயோ கொடுத்திட்டு நாம பதில் சொல்லணும்." பூனைக்கு இணையம் வேண்டாம், படம் கடையை விட்டு வெளியே போகாது. ஆனால் கடைக்குள்ளேயே தங்கிவிடும். டெஸ்க்டாப்பில் நேற்று வந்தவர்களின் முகங்கள், ரேகைகள், ஆதார் அட்டைகள் அப்படியே கிடக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. இர்ஃபான்வியூ தொழில் அல்லாத உபயோகத்துக்குத்தான் இலவசம். தொழிலுக்கு வைத்தால் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். இந்தச் சந்தில் உள்ள நாலைந்து கடைகளிலும் பூனை இருக்கிறது. அந்த நிபந்தனையை எந்தக் கடையாவது படித்திருக்கும் என்று தோன்றவில்லை.

உறுதிமொழிப் பெண்ணின் நாலு பைலும் ஏறி முடிகின்றன. உறுதிமொழி எண்பத்திரண்டு கேபி. தளம் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அப்பா மடியிலிருந்து பணம் எடுக்கிறார்.

"எம்புட்டு?"

"சைஸ் வேலைக்கு எண்பது. படிவத்துக்குத் தனி."

"எண்பதா? பெருசாக்கித் தந்தாலும் சரி. இருந்ததைச் சிறுசாக்கினதுக்கு எண்பதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளி, மௌஸை அவர் பக்கம் நகர்த்துகிறாள். "நீங்க சிறுசாக்குங்க அண்ணாச்சி, நான் எண்பது தாரேன்."

அவர் மௌஸைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார், நூறு ரூபாயை மேஜையில் வைக்கிறார். மீதியை வாங்கி எண்ணிவிட்டு, "இந்தப் போட்டோவை இவ போன்ல போட்டுக் குடுத்திருங்க. அடுத்த பரீட்சைக்கும் இதையே வச்சுக்கிடலாம்லா?"

"போட்டுத் தாரேன். ஆனா அடுத்தவன் வேற அளவு கேப்பான். எதுக்கும் பெருசையும் அழிச்சிராம வைங்க."