தேயிலைப் பெட்டியில் விளைந்த மண்

மலையகத்து றொசல்லயில் மழை பெய்யாத நாளை நினைவிலிருந்து தேடித்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற மழை எங்கள் மலைக்கும் குறை வைத்ததில்லை. தகரக் கூரையில் அது இறங்கும் சத்தமும், அடுப்பில் ஈர விறகு புகையும் நெடியும், தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றோடு வரும் தேயிலை வாசமும் சேர்ந்துதான் எங்களுக்குக் காலை விடியும். அதற்கு நடுவே ஸ்தோப்பு ஓரத்திலிருந்து ஒரு மண்வாசமும் வரும். அங்கேதான் கல்லுகளின் மேல் எங்கள் மண்புழுப் பெட்டி இருந்தது.

தேயிலை அடைக்கிற பலகைப் பெட்டி அது. மூலை உடைந்துபோனதால் தொழிற்சாலையில் வேலை செய்த மாமா கேட்டு வாங்கி வந்தார். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைப் பிள்ளைகள் நாங்கள் பங்குபோட்டு உரித்துக்கொண்டோம். மாமா அடிப்பலகையில் ஆணியால் துளை போட்டார். அப்பாயி வாழைச் சருகும் சூடு ஆறிய பழைய சாணமும் பரப்பி, மாட்டுப்பட்டிக் குப்பையிலிருந்து சிவப்புப் புழுக்களைச் சிரட்டையில் அள்ளி வந்து விட்டாள். மலையில் மண்ணைக் கிளற முள்ளு குத்தும்போது கிடைக்கிற பருத்த புழு வேண்டாம் என்பாள். அது ஆழத்து மண்ணில் வாழ்வது, பெட்டியில் தங்காது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புழுவுக்குத் தீனி போடுவது என் வேலை. தேத்தண்ணி வடித்த சக்கை, கரட் தோல், கோவா இலை, நசுக்கிய முட்டைக்கோது எல்லாம் போகும். "ஏ புள்ள, கொச்சிக்கா போடாத, அதுகளுக்கு எரியும்ல" என்று உள்ளேயிருந்தே அப்பாயி குரல் கொடுப்பாள். உப்பும் எண்ணெயும் கருவாட்டு முள்ளும் ஆகாது. மேலே அம்மாவின் கிழிந்த சாக்குப் படங்கை நனைத்து மூடுவோம். சாரல் பலமாக அடித்தால் பெட்டியை உள்ளே இழுக்க வேண்டும். புழு தோலாலேயே மூச்சு விடுவதால், தண்ணீர் தேங்கிக் காற்றில்லாத மண்ணில் அதனால் இருக்க முடியாது.

ஹட்டனுக்கு ஏறும் ரயில் றொசல்ல ஸ்டேஷனை நெருங்கும்போது எங்கள் லயத்து வீட்டுச் சுவர் லேசாக அதிரும். படங்கை மெல்லத் தூக்கினால், மேலே கிடந்த புழுக்கள் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வது தெரியும். ரயில் கூவுவதற்குப் பயப்படுகின்றன என்று நினைத்து, "போயிருச்சி, வாங்க" என்று பெட்டிக்குள் குனிந்து சொல்வேன். டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தைப் பிற்காலத்தில் படித்தபோது அந்தச் சின்னப் பிள்ளையை நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் பியானோ வாசித்தபோது அவருடைய புழுக்கள் அசையவில்லை. அவை இருந்த சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியதும் மண்ணுக்குள் போய்விட்டன. புழுவுக்குக் காது இல்லை, அதிர்வுதான் தெரியும்.

சில மாதம் போனால் பெட்டியில் இருப்பது தேத்தூள் போலக் கறுத்து உதிரும். வெயில் தலைகாட்டுகிற நாளில் அப்பாயி அதைச் சாக்கில் குவித்து வைப்பாள். வெளிச்சம் பிடிக்காமல் புழுக்கள் அடிக்குப் போகப் போக, மேலாக வழித்து எடுத்துக்கொண்டே வருவோம். அதிலே கிடக்கும் வெளிர் மஞ்சள் முட்டைகளைப் பொறுக்கித் திரும்பப் போடுவது என் பொறுப்பு. உரம் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் போகும். வாசலில் நின்ற டேலியாவுக்கு ஒரு பிடி கூடுதலாகவே விழும்.

ஆயுசு முழுக்க அப்பாயி தோட்டத்து மண்ணில்தான் உழைத்தாள். அதில் ஒரு சாண்கூட அவள் பேரில் இல்லை. லயமும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். இன்றைக்கும் பெரும்பாலான லயத்துக் குடும்பங்களிடம் காணி உறுதி கிடையாது. பெட்டியில் விளைந்த மண்ணை மட்டும் அவள் யாரையும் கேட்காமல் அள்ளி, பிடித்த செடிக்குப் போட்டாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வாளி கிடக்கும். அடியில் துளை போட்டு, ஈரச் சருகும் பழஞ்சாணமும் நிரப்பி, சாணக் குப்பையில் கிடைக்கும் சிவப்புப் புழு ஒரு பிடி விட்டு, நிழலில் வையுங்கள். தேயிலைச் சக்கையை இனி வெளியே கொட்டாதீர்கள்.