சின்ன முதலியார் சாவடியில் ஐந்து நாள்

பத்து நாளாகப் பதிவே இல்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று சிலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். ஒன்றுமில்லை. நானும் வீட்டம்மாவும் கடற்கரையில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தோம்.

பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் வெளியூரில் தங்கியது என்றால் கல்யாணம், காதுகுத்து, கோயில். எனக்குத் தனியாகத் தேர்தல் பணியும் பயிற்சி முகாமும். சும்மா இருப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போனது இதுதான் முதல் தடவை. ஏற்பாடு கனடாவில் இருக்கும் மகன். "அப்பா, அங்க போய் நிம்மதியா உக்காந்து யோசிங்க" என்றான். யோசிக்க வேண்டியது இதுதான்: துறையூர் வீட்டை விற்றுவிட்டு அவனோடு போய் இருந்துவிடுவதா, வேண்டாமா.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் போனால் சின்ன முதலியார் சாவடி. சாலைக்குக் கிழக்கே மீனவக் குப்பங்கள், மேற்கே மேடேறினால் குயிலாப்பாளையம், அதைத் தாண்டி ஆரோவில். நாங்கள் தங்கியது சவுக்கும் முந்திரியும் சூழ்ந்த ஒரு சின்ன வீடு. காலையில் மயில் சத்தம், ராத்திரியில் அலைச் சத்தம், நடுவில் எதுவும் இல்லை. முதல் நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. மணி அடிக்காத இடத்தில் முப்பத்தைந்து வருடம் மணிக்குப் பழகியவன் என்ன செய்வது? நான்கு தடவை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாளிலிருந்து காலை நடை. அந்த வழியில் வெள்ளைக்காரர்கள் மொபெட்டில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பின்னால் கேஸ் சிலிண்டர், முன்னால் காய்கறிப் பை, தலையெல்லாம் நரை. சுற்றுலா வந்தவர்கள் இல்லை, இங்கேயே குடியிருப்பவர்கள். ஆரோவிலில் ஏறக்குறைய அறுபது நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், நம் ஊர்க்காரர்களும் நிறையப் பேர். 50,000 பேர் வாழும் நகரமாகத் திட்டமிட்டது, இன்றைக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

கடற்கரையில் மீன் இறக்கும் இடத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தோம். எண்பதை நெருங்கும் வயது, பருத்திச் சட்டை, ரப்பர் செருப்பு. மீன்காரப் பெண்ணிடம், "இன்னாம்மா, நேத்து இதே சங்கராவுக்கு எரநூறுதான சொன்ன, இன்னிக்கு கடல்ல வெல ஏறிடுச்சா?" என்று சண்டை. வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க எந்த ஊரு? வெளியூரா?" என்றார். நான் திருச்சி மாவட்டம் என்றேன். "தூரம்தான்" என்றார். ஜெர்மனியில் பிறந்தவர் சொல்கிறார்!

அடுத்த மூன்று நாளும் அவரோடுதான் பேச்சு. வாத்தியார் என்று தெரிந்ததும் என்னை 'சார்' ஆக்கிவிட்டார். எழுபதுகளின் கடைசியில், முப்பது வயதில் வந்தாராம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் இட்டு ஆரோவிலைத் தொடங்கினார்கள் என்று பிள்ளைகளுக்குப் பொது அறிவில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கலசம் வைத்த மேடு அப்போது எப்படி இருந்தது என்று இவர் சொல்லித்தான் தெரியும். சிவப்பு மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடை ஓடையாகக் கடலுக்குப் போய்விடும், கடலே சிவப்பாகத் தெரியுமாம். வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தி, கன்றுகளுக்குக் குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்ததுதான் இன்று நாம் பார்க்கிற காடு. "தமிழ் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "கூட வேல செஞ்ச குயிலாப்பாளையத்துப் பொம்பளைங்க. நான் தப்பா பேசுவேன், அவங்க சிரிப்பாங்க. சிரிப்பு நின்னப்ப தமிழ் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுது." எங்கள் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்த கற்பித்தல் முறையில் இது இல்லை.

எல்லாம் சுகம் என்று அவர் சொல்லவில்லை. குடியிருக்கும் வீடு அவர் பெயரில் கிடையாது. அங்கே யாருக்கும் சொந்த வீடு இல்லை, இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். விசாவைச் சில வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். "ஒவ்வொரு தடவையும் வயித்துல புளி கரைக்கும் சார்" என்றார். அம்மா இறந்தபோது போக முடியவில்லை. செய்தியே தந்தியில் தாமதமாக வந்ததாம். கடைசியாக ஊருக்குப் போனபோது தெரிந்தவர்கள் பாதிப் பேர் இல்லை, இருந்தவர்கள் இவர் பேசுகிற ஜெர்மன் பழைய காலத்து மாதிரி இருக்கிறது என்றார்களாம்.

வீட்டம்மா நேரடியாகக் கேட்டாள். "வந்தது தப்புன்னு எப்பவாவது நெனச்சீங்களா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நான் சின்ன வயசுல வந்தேன்மா. இங்க வேல இருந்துச்சு. வேல இல்லாம வந்திருந்தா ஓடிப் போயிருப்பேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டம்மா அதிகம் பேசவில்லை.

நான்காம் நாள் அவர் எங்களைத் தெற்கே தந்திராயன்குப்பத்துக்குக் கூட்டிப் போனார். வெளிநாட்டுப் பிள்ளைகளும் சென்னைப் பிள்ளைகளும் பலகை வைத்து அலையில் சறுக்குகிறார்கள். ஆனால் பெரிய மணல்வெளி இருந்த இடங்களில் பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. காரணம் எளிது. நம் கிழக்குக் கரையில் வருடத்தில் அதிக மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். எண்பதுகளில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். மணல் அதன் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே அலை அரித்துக்கொண்டு போகிறது. படகு ஏற்ற இடமில்லை என்று ஒரு மீனவப் பெரியவர் கையை நீட்டிக் காட்டினார், அவர் பிறந்த வீடு இருந்த இடத்தை. தண்ணீர்தான் தெரிந்தது. ஊரை விட்டு ஓர் அடி நகராதவர் அவர். நான் கனடா யோசனையோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

கிளம்பும் அன்று அந்த அம்மா நீளமான பிரெஞ்சு ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நாங்கள் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயை வீட்டம்மா அப்படியே ஜாடியோடு கொடுத்துவிட்டாள். ஜாடி என் மாமியார் காலத்துப் பீங்கான். பேருந்தில் வரும்போது ஞாபகப்படுத்தினேன். "இருக்கட்டும்" என்றாள்.

நேற்று ராத்திரி மகன் கூப்பிட்டான். "யோசிச்சீங்களாப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"அங்க உன் வீட்டுப் பக்கத்துல தமிழ் சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடம் எதுனா இருக்கா? அப்பாவுக்கு வேல இருக்குமான்னு விசாரி. ஆறு மாசம் வந்து பாக்கறோம். வீட்ட விக்கிற பேச்சு இப்ப வேணாம். டிக்கெட் போடறப்ப திரும்பி வர்றதுக்கும் சேத்தே போடு."

அவன் பள்ளிக்கூடத்தை விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். கனடாவில் தமிழ்ப் பள்ளி நடத்துகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், சிறு பிள்ளைகளுக்கு அங்கே எந்த வயதில் எழுத்து தொடங்குகிறார்கள் என்று எழுதுங்கள்.