செல்லமாகத்தான் சொன்னோம்

இந்தக் குறிப்புகளுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் மக்கள்மீது எறியப்பட்ட வசவை அப்படியே எழுதலாம். அடுத்தவர்மீது எறியப்படும் வசவை, அவர்களே வெளியே எடுத்துவைத்து நியாயம் கேட்டிருந்தால் மட்டும் எழுதலாம். மற்ற எல்லாவற்றையும் "ஒரு சொல்" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். அன்றாடப் பேச்சில் இன வசவுக்கு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் ஏறக்குறைய இந்த விதிதான்.

*

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் நமக்குப் பொதுப்பெயர் 'மதராஜி'. தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லாரும் அதற்குள் அடக்கம். அதற்கும் ஒரு படி கீழே 'தேந்துல்' இருக்கிறது. புளி என்று பொருள். நம் சாம்பாரையும் ரசத்தையும் வைத்து வந்த பட்டம். முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. லிஃப்ட் கதவு மூடிய பிறகு கேட்கும். பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டிய அன்று கேட்கும்.

கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் அந்தச் சொல்லைத் தொடர்ந்து வேறெதுவும் வந்ததில்லை. 'தேந்துல்' என்று சொல்லி யாரும் எனக்கு வாடகை வீடு மறுத்ததில்லை, போலீஸ் நிலையத்தில் உட்காரவைத்ததில்லை. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கின்றன. ராஷ்பிஹாரி அவென்யூவில் தோசைக்கு வங்காளிக் குடும்பங்கள் காத்து நிற்கின்றன. இந்த நகரம் தமிழர்களை நன்றாகவே வைத்திருக்கிறது. அதனால் ஒரு வசவை எடைபோடும்போது, அதைச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

*

2020 மார்ச் 22, மாலை ஐந்து மணி. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி சொல்ல நாடே கை தட்டியது. பாலிகஞ்ச் பால்கனிகளிலும் தட்டும் சங்கும் முழங்கின. அதற்குள்ளேயே வடகிழக்கு மாநிலத்தவரைத் தெருவில் 'கொரோனா' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் துன்புறுத்துபவர்கள்மீது நடவடிக்கை எடுங்கள் என்று உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

மே மாத நடுவில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த மணிப்பூர்ச் செவிலியர்கள் 185 பேர் ஒரே வீச்சில் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். காரணங்கள் பல: வீட்டாரின் கவலை, சம்பளக் குறைவு, பாதுகாப்பு உடை போதாமை. அவற்றோடு இன்னொன்றையும் அவர்கள் சொன்னார்கள். தெருவில் முகத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள், விலகி ஓடுகிறார்கள், துப்புகிறார்கள் என்றார்கள். நோயாளிகளின் உடம்பைத் தொட்டுத் துடைத்துப் பார்த்துக்கொண்ட பெண்கள் அவர்கள். இந்த நகரம் அவர்களுக்குக் கொடுத்த பெயர் ஒரு நோயின் பெயர்.

அந்த வாரம் எங்கள் பக்கத்தில் பலர் கோபப்பட்டார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் ஓடிப்போகிறார்களே என்று செவிலியர்கள்மீது கோபம். 'கொரோனா' என்று கூப்பிட்டவர்கள்மேல் கோபப்பட்டதாக ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை.

பிஜன் சேது மேம்பாலத்தைத் தாண்டி கஸ்பாவுக்குப் போனால் இப்படிப்பட்ட பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து தங்கும் வீடுகள் இருக்கின்றன. வீடு தேடும்போது முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என்ன சமைப்பீர்கள் என்று கேட்கிறார்கள், பிறகு வீடு வேறு யாருக்கோ போய்விட்டது என்கிறார்கள். 'தேந்துல்' வாங்கிய எனக்கும், முகத்தை வைத்து 'சிங்கி' என்ற வசவை வாங்கிய அந்தப் பெண்களுக்கும் உள்ள தூரம் இதுதான்.

*

சட்டம் என்ன சொல்கிறது?

2012இல் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வடகிழக்கைச் சேர்ந்த பட்டியல் பழங்குடியினரை 'சிங்கி' என்று இழிவாக அழைத்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும், ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம் என்பது அதன் சாரம். நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சட்டம் பட்டியல் சாதியினரையும் பட்டியல் பழங்குடியினரையும் மட்டுமே காக்கிறது. மணிப்பூரின் மெய்தெய் மக்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. டாங்ராவிலும் டெரிட்டி பஜாரிலும் தலைமுறைகளாக வாழும் சீன வம்சாவளியினரும் இல்லை. 1962 சீனப் போரின்போது இந்த நாட்டின் சீன வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் ரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். முகத்தை வைத்து ஆளை எதிரியாக்குவது இவர்கள் குடும்பங்களுக்குப் புதிது அல்ல. ஒரே தெருவில், ஒரே வாயிலிருந்து, ஒரே சொல்லை இரண்டு பெண்கள் வாங்குகிறார்கள். ஒருத்திக்கு அந்தச் சட்டம் துணை வருகிறது, மற்றவளுக்கு இல்லை.

2014 ஜனவரி இறுதியில் தில்லி லாஜ்பத் நகரில் அருணாச்சல மாணவர் நிடோ தானியாவின் முடியைக் கேலி செய்தார்கள். அவர் எதிர்த்தார், தாக்கப்பட்டார், இறந்தார். அதன் பிறகு எம். பி. பெஸ்பருவா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, இன வசவையும் இன வன்முறையையும் தண்டிக்கத் தனிப் பிரிவுகள் சேர்க்கச் சொல்லி அந்த ஆண்டே அறிக்கை தந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தையே மாற்றி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலும் அந்தப் பிரிவுகள் இல்லை. முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதிய நேரத்தில் இதற்கு நான்கு வரி ஒதுக்க மனம் வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

*

"ஆதோர் கோரே போலி, செல்லமாகச் சொல்வதுதான்." எதிர்வீட்டு மாசிமாவின் வாதம் இது. எங்கள் கட்டடக் காவலாளி டார்ஜிலிங் மலைக்காரர். அவரை இங்கே எல்லாரும் 'பகதூர்' என்கிறார்கள். அவருக்கு முன் இருந்தவரும் பகதூர்தான், அதற்கும் முன் இருந்தவரும். டார்ஜிலிங் இந்த மாநிலத்தின் மாவட்டம், கொல்கத்தா அவருடைய தலைநகரமும்கூட. இருந்தும் "உங்கள் நேபாளத்தில் இப்போது குளிரா?" என்று கேட்கிறார்கள்.

செல்லம் என்ற வாதத்தை எடுத்துக்கொண்டால் டேரன் சாமியின் கதையைச் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் 3 அன்று ஈடன் கார்டன்ஸில் மேற்கிந்தியத் தீவுகள் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. கடைசி ஓவரில் பிராத்வெயிட் அடித்த நான்கு சிக்ஸர்களை இந்த நகரம் இன்னும் பேசுகிறது. அணித்தலைவர் சாமியைக் கொல்கத்தா கொண்டாடியது. அதே சாமி, ஹைதராபாத் ஐபிஎல் அணியில் ஆடியபோது சக ஆட்டக்காரர்களிடமிருந்து 'காலு' என்ற பெயரைக் கேட்டிருந்தார். வலிமையைப் பாராட்டும் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, கறுப்பன் என்ற உண்மைப் பொருள் தெரிந்ததும் கோபத்தோடு வெளியே சொன்னார். அப்படி அழைத்தவர்களில் ஒருவர் அவரிடம் பேசினார். அன்பினால் அழைத்தோம் என்றார். சாமி ஏற்றுக்கொண்டார்.

அன்பு இருந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் அழைத்தவருக்குப் பொருள் தெரியும், அழைக்கப்பட்டவருக்குத் தெரியாது. ஒருவர் சிரிக்கும்போது அறையில் இருந்த மற்றவர்கள் வேறு காரணத்துக்காகச் சிரித்திருக்கிறார்கள். பொருளை மறைத்து வைத்துக் காட்டும் அன்பை நான் அன்புக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நம் பக்கத்திலும் இது உண்டு. தோல் நிறத்தை வைத்துத் தன்னைச் சிறு வயதிலிருந்து எப்படியெல்லாம் அழைத்தார்கள் என்று 2017இல் அபினவ் முகுந்த் எழுதினார். தன் சொந்த நாட்டிலேயே வாழ்நாள் முழுவதும் நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதாக லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் 2021இல் சொன்னார். இருவரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள், தமிழர்கள். நம் சினிமா நகைச்சுவையில் கறுப்பு நிறத்தைக் கேலி செய்யாத பத்தாண்டு எதுவும் கிடையாது.

*

என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் எழுத வேண்டும். வலுவான சாட்சி அது: 'பாங்கால்'.

கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களை மேற்கு வங்கத்துக் 'கோட்டி'கள் அப்படி அழைத்தார்கள். பட்டிக்காட்டான், பேசத் தெரியாதவன் என்ற பொருளெல்லாம் அதில் உண்டு. 1947க்குப் பிறகு அகதிகள் ஜாதவ்பூர்ப் பக்கமும் பிஜய்கரிலும் காலனிகள் போட்டபோது அது கசப்பான சொல். இன்று பாலிகஞ்ச் கல்யாண வீட்டில் மாமனார் மாப்பிள்ளையைப் 'பாங்கால்' என்கிறார், மாப்பிள்ளை கொக்கரித்துச் சிரிக்கிறார். கால்பந்தில் பாங்கால்களின் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், கோட்டிகளின் மோகன் பாகான் ஜெயித்தால் இறால். டாக்காவில் பிறந்த பானு பந்தோபாத்யாய் தன் கிழக்கத்திப் பேச்சையே படங்களில் பேசி, 1953இன் 'ஷாரே சுவாத்தர்' முதற்கொண்டு கொல்கத்தாவையே சிரிக்கவைத்தார். எவரும் அந்தச் சொல்லைத் தடைசெய்யவில்லை. தானாக நஞ்சு இறங்கிவிட்டது.

அப்படியானால் மற்றச் சொற்களையும் இப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். முடியாது என்கிறேன். 'பாங்கால்' கேட்டவர்கள் பேராசிரியர் ஆனார்கள், மந்திரி ஆனார்கள், கோட்டி வீட்டில் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். சமமான பிறகு, அவர்களாகவே அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். சமமாகாதவர்களின் கதை வேறு. அதே கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஏழைத் தலித் அகதிகளைத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியபோது, 1979இல் அரசே முற்றுகையிட்டு விரட்டியது. கல்யாண வீட்டுக் கேலியில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

ஒடியா சமையல்காரருக்கு இங்கே ஒரு சொல் உண்டு. பீகார் ரிக்ஷாக்காரருக்கு ஒன்று, மார்வாரிக் கடைக்காரருக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று. இவர்களில் யாரும் அந்தச் சொல்லை மகிழ்ச்சியோடு தன் சட்டையில் குத்திக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை. குத்திக்கொள்ளும் நாள் வந்தால், அது அவர்கள் தீர்மானம்.

*

பழைய புத்தகங்களில் இருக்கும் சொற்களை என்ன செய்வது? சுகுமார் ராயின் வங்கச் சிறுவர் பாட்டுப் புத்தகம் 'ஆபோல் தாபோல்' 1923இல் வந்தது. அதில் ஒரு பாட்டின் தலைப்பிலேயே ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் ஆங்கிலோ-இந்தியர்மேல் எறியப்பட்டது. புத்தகத்தைத் திருத்தச் சொல்ல மாட்டேன். குழந்தை படிக்கட்டும், கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம்.

*

சொல்லைத் தடைசெய்வதால் மட்டும் ஆகாது என்பதற்கு பர்மா உதாரணம். அங்கே நம்மவர்களை 'கலா' என்றார்கள். 1930இலும் 1938இலும் கலவரங்களில் அந்தச் சொல்லோடு கத்தியும் வந்தது. பின்னாளில் அது ரோஹிங்யாக்கள்மீது திரும்பியது. 2017இல் ஃபேஸ்புக் அந்தச் சொல்லை மொத்தமாக நீக்க முயன்றது. கடலைப் பருப்பின் பர்மியப் பெயரிலும் அதே எழுத்துகள் வருவதால் சமையல் பற்றி எழுதியவர்களும் மாட்டினார்கள். வெறுப்பை எழுதியவர்கள் எழுத்தை மாற்றித் தொடர்ந்தார்கள்.

*

தமிழ்நாட்டுக்குப் போகும்போது 'வடக்கன்' காதில் விழுகிறது. பத்து வருடத்துக்கு முன் இவ்வளவு இல்லை. ஹோட்டலில் தட்டு எடுப்பவர், மெட்ரோவுக்குக் குழி தோண்டுபவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் தைப்பவர் எல்லாரும் 'வடக்கன்'. அவர்களில் நிறையப் பேர் என் மேற்கு வங்கத்து ஆட்கள், மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் போனவர்கள். 2022 மே மாதம் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில், இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்ற வாதத்துக்குப் பதிலாக, இங்கே பானிபூரி விற்பவர்கள் யார் என்று அன்றைய அமைச்சர் பொன்முடி கேட்டார். இந்தித் திணிப்பை நானும் எதிர்க்கிறேன். அதை எதிர்க்க ஒரு தள்ளுவண்டிக்காரரை இழிவாகக் காட்ட வேண்டியதில்லை.

பம்பாயில் அறுபதுகளில் சிவசேனை நம்மை லுங்கியை வைத்துக் கேலி செய்து, கடைகளை உடைத்து விரட்டியதை நாம் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மலையகத் தமிழரை 'வடக்கத்தையான்' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் அழைத்தது தமிழ் வாய்தான். அங்கே வடக்கு என்றால் தமிழ்நாடு. 2018 மே மாதம், வடமாநிலத்துப் பிள்ளைபிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியபோது, போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தமிழர். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்திருந்தார்.

*

காலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கேனிங் லோக்கல் வந்து நின்றால் நூற்றுக்கணக்கான பெண்கள் இறங்குகிறார்கள். இந்தப் பகுதியின் பாத்திரங்களும் தரையும் குழந்தைகளும் அவர்கள் கையில். அந்த ரயிலுக்கே கொல்கத்தா ஓர் இழிபெயர் வைத்திருக்கிறது. அவர்கள் சொல்வது கேனிங் லோக்கல், நானும் அப்படியே எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் தில்லிப் போலீஸ் ஒரு கடிதத்தில் 'வங்கதேச மொழி' என்று எழுதியது வெளியே வந்தது. வங்க மொழி பேசும் தொழிலாளர்களை ஊர் ஊராகப் பிடித்து 'பங்களாதேசி' என்று முத்திரை குத்திய காலம். பாலிகஞ்ச் கொதித்தது, கொதிக்க நியாயமும் இருந்தது. எங்கள் கட்டடக் கூடத்திலும் ஒரு மாலை அதே பேச்சு. தாகூரின் மொழி என்றார்கள், தேசிய கீதத்தின் மொழி என்றார்கள். அதே கூடத்தில்தான் அதற்கு முந்தைய மாதம், நான்காவது மாடிக்குப் புதிதாக வந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரைக் கேட்டுவிட்டு, "பங்களாதேசியாக இருக்கும், ஆதாரை இன்னொரு முறை பாருங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஊர் இதே மாநிலத்தின் கோசாபா.

இரண்டையும் சேர்த்து அங்கேயே சொன்னேன். ஒரு 'தாதா' (அண்ணன்) செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மாசிமாவும் இன்னும் இருவரும் போகவில்லை. பாதுகாப்பு வேறு, வசவு வேறு என்றார்கள். அப்படியானால் எல்லார் ஆதாரையும் கேளுங்கள், என்னுடையதிலிருந்து தொடங்குங்கள் என்றேன். இரவு பத்தைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறு கட்டடச் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன்: வேலைக்கு வருகிறவர்களைப் பதிவேட்டில் உள்ள பெயரால் அழைப்பது, காவலாளியிலிருந்து தொடங்கி.