அப்பாவின் லேத்து

பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை சொன்ன நாளில்தான் அப்பாவின் லேத்தை நான் உண்மையாகவே பார்த்தேன். கோயம்புத்தூர் கணபதியில், எங்கள் வீட்டுக்குப் பின்புறத் தகரக் கொட்டகையில், அது எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. அப்பா மறைந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கொட்டகையை இடித்து வாடகைக்கு அறை கட்டலாம் என்று வீட்டில் முடிவாகி, கடைக்காரரும் வந்துவிட்டார். அவர் கிலோவுக்கு இவ்வளவு என்று சொன்னபோது என் மனம் ஏனோ மறுத்தது. “இது விற்பனைக்கு இல்லைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் பாசம் மட்டும் இருக்கவில்லை என்பதை இவ்வாரம் உங்களுக்கு எழுத வேண்டும்.

லேத்தைப் பட்டறைக்காரர்கள் இயந்திரங்களின் தாய் என்பார்கள். 1800-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்னும் தொழிலாளி, திருகு மரையைத் துல்லியமாக வெட்டும் லேத்தை உருவாக்கினார். ஒரே அளவில் திருகுகளைச் செய்ய முடிந்த பின்னரே, ஒரே அளவில் மற்ற இயந்திரங்களையும் செய்ய முடிந்தது. எங்கள் ஊரின் பம்புகளும் மோட்டார்களும் அந்தத் தாயின் பேரப்பிள்ளைகளே. அப்பா பம்புக்கான பித்தளைப் புஷ்களைக் கடைந்துதான் எங்களைப் படிக்க வைத்தார்.

நானோ லேத்தைக் கையாளக் கற்றுக்கொள்ளாமலே ஊழியத்துக்குப் போய்விட்டவன். ஆர்வம் மட்டும் இருந்தது. எமரித் தாள் ஒரு கட்டு வாங்கி வந்து, பெட்டின் மீதிருந்த துருவை மும்முரமாகத் தேய்த்தேன். ஒரு சாண் அகலம் பளபளத்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் கைப்பிடியைச் சுற்றினால் கிராஸ் சிலைடு அசையவில்லை. மோட்டாரைத் தொடவும் பயம். இந்த லேத்தின் குணம் அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் மீதி இருந்தார். அப்பாவிடம் பதினொரு ஆண்டுகள் வேலை செய்த மேஸ்திரி. அவர் வீடு எங்கே என்று விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அந்தத் தெருவைத் தவிர்த்தே நாற்பது ஆண்டுகள் நடந்திருக்கிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, பட்டறையில் ஒரு தகர டின்னில் பித்தளைத் துண்டுகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். வேலை கொடுப்பவர் தந்த பித்தளை. எடை பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. நான் அதிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டு, சினிமாவும் தின்பண்டமுமாகச் செலவழித்தேன். ஒருநாள் எடை குறைந்தது. அப்பா மேஸ்திரியைச் சந்தேகித்தார். மேஸ்திரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த கந்தல் துணியால் லேத்தைத் துடைத்துவிட்டு, துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வருவாரா என்ற ஐயத்துடனே போனேன். வயது எழுபதைக் கடந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, “வாங்க தம்பி” என்றார். லேத்தைப் பற்றிச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கொட்டகைக்குள் வந்தவர் முதலில் பார்த்தது நான் பளபளப்பாக்கிய இடத்தைத்தான். “யாருங்க இதைத் தேய்ச்சது?” என்றார். பெட் என்பது அளவு பார்த்துத் தீட்டப்பட்ட தளம். கேரேஜ் அதன்மேல்தான் நேராக ஓட வேண்டும். எமரித் தாள் துருவோடு சேர்த்துத் தளத்தையும் தின்றுவிடும்; உதிரும் மணல் கேரேஜின் அடியில் புகுந்து, அங்கேயே இருந்து அறுத்துக்கொண்டிருக்கும். நல்ல வேளையாக நான் தேய்த்தது டெயில்ஸ்டாக் பக்கம். அங்கே வேலை குறைவு. சக்குக்கு அருகில் தேய்த்திருந்தால், ஏற்கெனவே அதிகம் தேய்ந்திருக்கும் இடத்தை இன்னும் கெடுத்திருப்பேன். நல்ல எண்ணத்தோடு செய்கிறோம் என்பது ஒன்றும் கெடாமல் காக்காது என்று அன்று கற்றேன்.

அவர் காட்டிய வழி பொறுமையின் வழி. மண்ணெண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் கூரான தகட்டைப் படுக்கை வசமாகப் பிடித்து, துருவை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடியும் ஊறவிட வேண்டும். ஐந்து சனிக்கிழமைகள் இதிலேயே சென்றன. எண்ணெய்க் குப்பிகளைத் துடைத்துப் புதிய திரி போட்டோம். சிலைடுகளின் ஜிப் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஆடாமலும் பிடிக்காமலும் நகரும்படி வைத்தோம். ரசமட்டம் வைத்துப் பெட் நான்கு மூலைகளிலும் முறுக்கில்லாமல் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். பெட் முறுக்கிக்கொண்டால் கடையும் உருளை ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் போகும். டூலைக் குறை சொல்லிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து மோட்டாரின் காப்பையும் எர்த்தையும் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க விட்டார். அதற்கு முன்பே ஸ்பிண்டிலைக் கையால் பல முறை சுற்றிப் பார்த்தார்.

ஓட்டும் முன் சில கட்டளைகள் இட்டார். சக் சாவியை ஒருபோதும் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையெடுக்கக் கூடாது. முழுக்கைச் சட்டை, மோதிரம், கையுறை எதுவும் ஆகாது. சுழலும் பொருள் அவற்றைப் பற்றினால் கையையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது. சுருளாக வரும் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது. பிறகு குறைந்த வேகத்தில் வெறுமனே ஓடவிட்டு, புஷ் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். எட்டு ஆண்டு மௌனத்துக்குப் பின் அந்த ஒலி கொட்டகையை நிறைத்தபோது, எங்கள் இருவராலும் சற்று நேரம் பேச முடியவில்லை.

25 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் கம்பியைச் சக்கில் பிடித்தோம். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று போதும் என்றார். டூலின் முனை ஸ்பிண்டிலின் மையத்துக்குச் சரியாக நிற்கும்படி அடியில் தகடு வைத்தார். “இப்ப நீங்க வெட்டுங்க தம்பி. டயலை இருபதுல நிறுத்துங்க.” நான் சுற்றினேன், கை தவறி இருபத்திரண்டுக்குப் போய்விட்டது. உடனே இரண்டு கோடு பின்னால் திருப்பி, இருபதில் நிறுத்தினேன். டயலைப் பார்த்தால் எல்லாம் சரி.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “டயல்தான் திரும்பிச்சு. டூல் திரும்பலீங்க.”

பிறகு விளக்கினார். திருகுக்கும் நட்டுக்கும் இடையில் எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. பழைய லேத்தில் அது அதிகம். கைப்பிடியைப் பின்னால் திருப்பும்போது முதலில் அந்த இடைவெளிதான் கடக்கிறது. கை அசைகிறது, எண் மாறுகிறது, டூல் மட்டும் தவறிய இடத்திலேயே நிற்கிறது. அளவு தாண்டிவிட்டால் அந்த அளவுக்கு மட்டும் திரும்பினால் போதாது. முழுச் சுற்று ஒன்று பின்னே போய், இடைவெளியெல்லாம் கடந்து, டூல் உண்மையாகவே பின்வாங்கிய பிறகு, மறுபடியும் முன்னோக்கி வந்து இருபதில் நிறுத்த வேண்டும்.

அன்பானவர்களே, என் கைகள் லேத்தின்மேல் இருந்தன. மனம் வேறெங்கோ சென்றுவிட்டது. அந்தப் பித்தளைக்காக நான் எத்தனை முறை கண்ணீரோடு முழங்காலில் நின்றிருக்கிறேன்! மனந்திரும்புதலைப் பற்றி எத்தனை செய்திகள் கொடுத்திருக்கிறேன்! கைப்பிடி திரும்பிக்கொண்டே இருந்தது. எண்ணும் சரியாகவே காட்டியது. ஆனால் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மனிதர் திருடன் என்ற பெயரோடு வாழ்ந்துகொண்டிருந்தார். என் தவறு வெட்டிய இடத்திலிருந்து டூல் ஒரு நூலளவும் நகரவில்லை.

மோட்டாரை நிறுத்தினேன். சொன்னேன். முழுவதையும், சினிமாவையும் தின்பண்டத்தையும் விடாமல் சொன்னேன்.

அவர் நெடுநேரம் சக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. “உங்கப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை. கந்தல் துணியை எடுத்து லேத்தைத் துடைத்தார், மடித்து வைத்தார், போய்விட்டார். பன்னிரண்டு வயதில் பார்த்த அதே காட்சி.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அன்று மாலை நானே போனேன். வாசலில் அமர்ந்திருந்தவர், “என்கிட்டச் சொல்லி என்ன பண்றது? வீட்டுக்காரிகிட்டச் சொல்லுங்க. கடையில, கல்யாண வீட்டுல, அந்தப் பேரைக் கேட்டுட்டு வந்து நின்னவ அவதான்” என்றார். உள்ளே போய், அந்த அம்மாள் முன்பு நின்று, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. அவர்கள் அழுதார்கள். பிறகு, “காபி குடிச்சிட்டுப் போங்க” என்றார்கள். எங்கள் வீட்டாருக்கும், அந்நாளில் வேலை கொடுத்தவரின் மகனுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மட்டும் சொல்ல இயலாது. தேய்ந்த திருகில் சிறிது தளர்ச்சி இருந்தே தீரும்; அதை மறைக்காமல், அறிந்து நடக்க வேண்டியதுதான்.

மூன்றாம் சனிக்கிழமை காலை கொட்டகைக் கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தார். பிரித்தால் பித்தளை உருளை ஒன்று. விரல் பருமன், ஒரு சாண் நீளம்.

“கடையில வாங்குனதுதான் தம்பி. ரசீது இருக்குது” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் மட்டும் ஒரு சிறு புன்னகை இருந்தது.

அன்று அந்தப் பித்தளையில் ஒரு புஷ் கடைந்தேன். ஒருமுறை அளவைத் தாண்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே முழுச் சுற்றுப் பின்னே போய், மறுபடியும் வந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் எவருக்கேனும் தவிர்த்துச் செல்லும் தெரு ஒன்று இருக்குமானால், அங்கே இருப்பவர் உயிரோடிருக்கையிலேயே இந்த வாரம் அதன் வழியே நடந்து பாருங்கள். உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன், எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.