முன்பணம் 675 ரூபாய்



என் மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆன பிறகும் அவளுடைய தையல் மெஷின் கூடத்து ஜன்னல் ஓரத்திலேயே இருந்தது. 1979-ல் அரியலூரில் குடியிருந்தபோது வாங்கிய கால் மெஷின். என் சம்பளம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும் மாதங்களில், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து அவள்தான் வீட்டை ஓட்டினாள். இப்போது நான் பெரம்பலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒருநாள் மருமகள், "மாமா, யாராவது தைக்கிறவங்க கையில போனா அத்தைக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றாள். எனக்கும் சரி என்று பட்டது.

பேரன் நாலு போட்டோ எடுத்து, பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் போட்டான். விலை 6,000 ரூபாய். அரை மணி நேரத்தில் போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. "ஹாய்" என்று ஒருவர். "லாஸ்ட் பிரைஸ்?" என்று ஒருவர். "2,000-க்குத் தருவீங்களா?" என்று இன்னொருவர். பதில் போட்டால் அத்தோடு ஆளைக் காணோம்.

மறுநாள் ஒரு பெண் பேசினார். கீழப்பழுவூர் பக்கம். தையல் கற்றிருக்கிறாராம், சொந்தமாக மெஷின் இல்லையாம். "4,500 தர்றேன் ஐயா. வர்ற புதன்கிழமை வந்து எடுத்துக்கிறேன்" என்றார். "சரிம்மா, வா" என்றேன்.

அன்று சாயங்காலமே பெரம்பலூரிலிருந்தே ஒருவர் அழைத்தார். "சார், 5,500 தர்றேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வர்றேன். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க." ஆயிரம் ரூபாய் அதிகம். நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, வேறொருவர் கூடுதலாகக் கேட்கிறார், நீ ஏற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமில்லை. "என்னால முடிஞ்சது அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தோல் பெல்ட்டை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். பத்து மணி, பதினொன்று, ஒன்று. யாரும் வரவில்லை. போன் செய்தால், "மாமா ஒருத்தர் தவறிட்டார் சார், அடுத்த வாரம் கண்டிப்பா" என்றார். நடுவில் கேட்ட இரண்டு பேரை, விற்றுவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். காரைக்கால் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். நானும் அங்கேதான் பிரெஞ்சு வழியில் படித்தேன். அப்பா போன பிறகு அரியலூரில் மாமா வீட்டுக்கு வந்து, தமிழில் தேர்வு எழுதித் தேறி, வருவாய்த் துறையில் குமாஸ்தா ஆனேன். ஏலத்தில் விலை ஏற்றிவிட்டுப் பணம் கட்டாமல் நழுவுகிறவன் கேட்ட ஏலத்துக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் 'ஃபோல் ஆன்ஷேர்' என்று பெயர். நேராகச் சொன்னால் பைத்தியக்கார ஏலம். சொத்தை மறுபடி ஏலம் விடுவார்கள். இரண்டாம் முறை விலை குறைந்தால் அந்தக் குறைவை முதலில் கேட்டவன்தான் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு விலை வைக்கிற சட்டம் என்பார் அப்பா.

நம் ஊரிலும் வெறும் வாய்ப்பேச்சில் ஏலம் நடப்பதில்லை. வரி பாக்கிக்காக நிலத்தை ஜப்தி செய்து ஏலம் விடுவதற்கு எங்களுக்கு வேதம், வருவாய் வசூல் சட்டம், 1864. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடிந்ததும், எடுத்தவர் விலையில் 100-க்கு 15 அங்கேயே கட்ட வேண்டும். மீதிக்கு 30 நாள் தவணை. கட்டாவிட்டால் கட்டியது போய்விடும், அவருடைய பொறுப்பிலேயே மறு ஏலமும் நடக்கும். நீதிமன்ற ஏலம் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி 100-க்கு 25 உடனே, மீதி 15 நாளில். 2018-ல் இந்தியாவில் கடையை மூடிய ஈபே போன்ற இணைய ஏலங்களில்கூட, கேட்டுவிட்டுப் பணம் கட்டாதவர் பெயரில் ஒரு குறிப்பாவது விழும். இப்போதைய ஆப்களில் ஒருவர் "வர்றேன்" என்றால் அது அவரை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. இத்தனை வருஷம் இந்தச் சட்டங்களோடு குப்பை கொட்டிய நான், ஒரு ரூபாய் முன்பணம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

மூன்றாவதாக வந்தவர் இன்னும் கெட்டிக்காரர். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், மனைவிக்காக வாங்குவதாகவும் சொன்னார். பேரமே பேசவில்லை. "6,000 அப்படியே அனுப்பறேன் சார். இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்க அக்கவுண்ட்ல விழுந்துடும்." சீருடை போட்ட போட்டோ ஒன்றும் அனுப்பினார். பேரன் கல்லூரிக்குப் போயிருந்தான். மருமகள் போனில் அவர் அனுப்பிய படத்தைத் திறந்துவைத்து, என் போனில் ஸ்கேன் செய்தேன். திரையில் 6,000 என்று வந்தது, கீழே பின் நம்பர் கேட்டது. "போடுங்க சார், சீக்கிரம்" என்று அவர் அவசரப்படுத்தினார்.

படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவனில்லை நான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் படித்தேன். 'செலுத்து' என்று இருந்தது. 'பெறு' என்று இல்லை. போனை வைத்துவிட்டேன். பேரன் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "தாத்தா, பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டாலே நம்ம பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம்." ராணுவத்தார் போல நடித்து இப்படிப் பறிப்பது நாடு முழுக்க நடக்கிறதாம். அப்படி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதமில்லாமல் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. எங்கள் வயதுக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறோம். அதுதான் அவர்களுக்கு வசதி.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பெரம்பலூர்க்காரரைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இந்த வியாபாரத்தில் முதலில் வாக்கு மாறியது அவர் இல்லையே! "சரிம்மா, வா" என்று சொல்லிவிட்டு ஆயிரம் ரூபாய்க்காக மாறியவன் நான்தான்.

காலையில் அந்தப் பெண்ணை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். மெஷின் அப்படியே இருக்கிறது, 4,500-க்கே எடுத்துக்கொள் என்றேன்.

"அந்தக் காசு செலவாயிடுச்சு ஐயா. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. பிறகு பழைய குமாஸ்தா விழித்துக்கொண்டான். "100-க்கு 15 வீதம் 675 ரூபாய் மட்டும் இப்ப அனுப்பும்மா. மீதிக்கு 30 நாள் டைம். அதுவரைக்கும் யார் எவ்வளவு கேட்டாலும் இந்த மெஷின் உன்னோடது." அந்த முன்பணம் அவரை மட்டும் கட்டவில்லை, என்னையும் கட்டியது. மதியமே பணம் வந்தது. ஆப்பில் போட்டிருந்த விளம்பரத்தைப் பேரனை விட்டு எடுக்கச் சொன்னேன். ஒரு காகிதத்தில் ரசீது எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இருபத்தாறாம் நாள் ஒரு குட்டி யானையில் அவரும் அவர் தம்பியும் வந்தார்கள். 3,825 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஏற்றுவதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு துணித்துண்டைக் கொடுத்து, பெடலை மிதித்துப் பார்த்தார். நேராக ஓடியது தையல். "நல்லா வச்சிருந்திருக்காங்க ஐயா" என்றார்.

டிராயரில் என் மனைவியின் பாபின்கள் ஒன்பது இருந்தன. எட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.