சட்டைக்குள் ஒளிந்த கைத்துப்பாக்கி

சென்ற தவணையில் ஒருநாள், எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடப் புத்தகத்தின் நடுவே வேறொரு நூலை ஒளித்து வைத்து வாசிக்கக் கண்டோம். வாங்கிப் பார்த்தால், அது ஜேம்ஸ் பொண்ட் நவீனம்! கடிந்துகொள்ள வாயெடுத்த நாம் அடங்கிவிட்டோம். அவன் வயதில் அவ்வாறே ஒளித்து வாசித்தவர்களன்றோ நாமும்? அவனோ தலை குனிந்தபடி, "சேர், இவ்வளவு சிறிய பிஸ்ரல் உண்மையிலேயே இப்படி வேலை செய்யுமா?" என்று கேட்டான். விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது.

ஒற்றன் போர்வீரன் அல்லன். விருந்து மண்டபத்திலும் சூதாட்ட மேசையிலும் கனவானாக அமர்ந்திருக்க வேண்டியவன். அவனுடைய ஆயுதம் கோட்டின் மடிப்பைக் கலைத்தல் ஆகாது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியக் கடற்படை உளவுப் பிரிவிற் பணியாற்றிய இயன் பிளெமிங் இதனை அறிவார். 1953இல் வெளிவந்த தம் முதல் நவீனத்திலேயே பொண்டின் கையில் பெறெற்றா என்னும் சின்னஞ்சிறு இத்தாலியத் துப்பாக்கியைக் கொடுத்தார். அதன் குண்டு கால் அங்குல விட்டமே உடையது.

1956இல் கிளாஸ்கோ நகரத்து வாசகர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஜெப்றி பூத்றொயிட் என்னும் அவர் துப்பாக்கிகளை நன்கு ஆராய்ந்தவர். பெறெற்றா சீமாட்டிகளுக்கே ஏற்றது, பொண்டுக்குத் தகாது என்பது அவர் கட்சி. ஆசிரியர் சினங்கொண்டாரல்லர், ஆலோசனை கேட்டார். 1958இல் வந்த 'டொக்ரர் நோ' நவீனத்திலே பெறெற்றா பறிக்கப்பட்டு, வால்தர் பி.பி.கே. என்னும் ஜேர்மனியத் துப்பாக்கி வழங்கப்படுகிறது. அதை வழங்கும் ஆயுத நிபுணரின் பெயரும் பூத்றொயிட்! வாசகர் ஒருவர் கதைக்குள்ளேயே குடியேறிவிட்டார்.

1931இல் அறிமுகமான அந்த வால்தர் ஏறக்குறைய 6 அங்குல நீளமே உடையது. ஒரு குண்டு வெடித்ததும் அவ்வெடியின் விசையே வெற்றுறையை வெளியே தள்ளி, அடுத்த குண்டை உள்ளே ஏற்றும். உறை சற்றே சிக்கினாலும் துப்பாக்கி ஊமையாகிவிடும்.

1974ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி இரவு இலண்டனில், பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அண்மையில், ஒருவன் இளவரசி ஆனின் காரை மறித்து அவரைக் கடத்த முயன்றான். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீற்றனிடம் இருந்தது அதே வால்தர். தோளிற் காயமுற்ற நிலையில் அவர் சுட்ட முதற் குண்டு குறி தவறிற்று. அடுத்த முறை துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதன்பின் அவர் தம் உடலையே கேடயமாக்கினார்; மொத்தம் மூன்று குண்டுகளை ஏற்றார். அவ்வழியே தம் காரிற் சென்ற றொனால்ட் றசல் என்னும் முன்னாட் குத்துச்சண்டை வீரர் இறங்கி வந்து, வெறுங்கையால் அக்கயவனைக் குத்தினார். இளவரசி தப்பினார்; பீற்றனும் பிழைத்தார். அவருக்கு ஜோர்ஜ் சிலுவையும், றசலுக்கு ஜோர்ஜ் பதக்கமும் வழங்கப்பட்டன. வால்தரோ அப்பணியிலிருந்து நீக்கப்பட்டது.

போர்க்காலத்தில் வளர்ந்த எமக்குத் துப்பாக்கி கதையில் மட்டும் கண்ட பொருளன்று. அப்படியிருந்தும் பொண்டின் துப்பாக்கி எம்மை மகிழ்வித்ததேன்? அது யாரைச் சுடும், எப்பொழுது ஓயும் என்பதை ஆசிரியர் ஒருவர் இருந்து தீர்மானித்தார். தெருவிலே அத்தகைய ஆசிரியர் எவரும் இலர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து இவற்றையெல்லாம் கூறினோம். "அப்படியானால் துணிந்து இறங்கியவர் வெறுங்கையோடு வந்தவரா, சேர்?" என்றான். ஆம் என்றோம். புத்தகத்தை அவனிடமே கொடுத்து, வீட்டில் வைத்து வாசிக்கும்படி அனுப்பினோம்.